மழைக் கணக்கப்பிள்ளை தர்மிளா

தெரணியகலையிலிருந்து மேலே ஏறும் பஸ் கடைசியாகத் திரும்பும் இடத்துக்கு அப்பால், தேயிலையும் ரப்பரும் ஒன்றையொன்று தொடும் ஒரு மலைச்சரிவில், எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு இருக்கிறது. தோட்டத்தின் பெயரை நான் எழுதவில்லை. அதன் நிர்வாகத்துக்கும் எனக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்து இன்னும் முடிவடையவில்லை என்பதே காரணம், அச்சம் அல்ல. இங்கே எழுத முற்படுவது என் விவகாரத்தைப் பற்றியும் அல்ல. மலை இறங்கி வருவதற்கு முன்னால் பதின்மூன்று குடும்பங்களைத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலிருந்து இறக்கிவிட வேண்டும் என்ற ஒரே கவலையோடு ஐந்து வருடங்களாக மழையை அளந்துவரும் தர்மிளாவைப் பற்றி எழுதுகிறேன்.

தர்மிளாவுக்கு நாற்பத்துமூன்று வயது. கொழுந்தெடுப்பவர். காம்பரா எனப்படும் ஒற்றை அறை வீடுகள் பதினாறு கொண்ட நீண்ட லயத்தில் ஐந்தாவது காம்பரா அவருடையது. கணவர் சதீஸ் வரக்காப்பொலையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறார். போயா எனும் முழுநிலா விடுமுறை தினங்களில் வீட்டுக்கு வருவார். தர்மிளா ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவர். சிங்களம் சரளமாகப் பேசுவார், வாசிக்க வராது. எவர் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லமாட்டார். கேள்வியை ஒருமுறை தமக்குள் சொல்லிப் பார்த்து, பிறகு வாயைத் திறப்பார். அதற்குள் கேட்டவர் பாதித் தூரம் போயிருப்பார். அப்போதும் விடாமல், பின்னாலேயே போய்ப் பதிலைச் சொல்லிவிட்டுத்தான் திரும்புவார்.

2019 பெப்ரவரியில், மண்சரிவுகளை ஆராயும் அதிகாரிகள் கொழும்பிலிருந்து வந்து, லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவை இரண்டு நாட்கள் நடந்து பார்த்தார்கள். போகும்போது ஒரு மழைமானியைத் தந்துவிட்டுப் போனார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முன்னாலுள்ள வெட்டவெளியில் நட்ட கம்பத்தின் மேல், கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் குழாய். அதில் மஞ்சள் கோடு ஒன்று, சிவப்புக் கோடு ஒன்று. ஒரு நாளைய மழை மஞ்சளைத் தொட்டால் கவனமாக இருக்க வேண்டும். நூற்றைம்பது மில்லிமீட்டரில் இருக்கும் சிவப்பைத் தொட்டால் லயத்தில் ஒருவரும் இருக்கக்கூடாது. அளவுகளை எழுத, அரச இலச்சினை பொறித்த தடித்த கொப்பி ஒன்றும் இருந்தது.

அந்தப் பொறுப்பு முதலில் ஒரு கங்காணியிடம்தான் கொடுக்கப்பட்டது. அவர் எழுதிய பக்கத்தின் போட்டோக்கொப்பி என்னிடம் உள்ளது. மார்ச் மாதத்தின் முப்பத்தொரு நாட்களுக்கும் நேராக ‘மழை பரவாயில்லை’ என்று எழுதியிருந்தார். கொழுந்து நிறுக்கும் வரிசையில் நின்றபடி தர்மிளா அதை எட்டிப் பார்த்துவிட்டார்.

“கங்காணி, பரவாயில்லைன்னா எத்தன மில்லிமீட்டருங்க?”

“நனைஞ்சா நனையிற அளவு.”

“யாரு நனைஞ்சா? நீங்க கொடையோட போறீங்க, நாங்க படங்கக் கட்டிக்கிட்டுப் போறோம்.”

வரிசை முழுவதும் சிரித்தது. கங்காணி கொப்பியைத் தூக்கி அவர் கையில் கொடுத்து, “இந்தா, நீயே அள. மேகத்துக்கிட்டயும் வாயாடு” என்றார். அவர் கோபத்தில் கொடுத்தார். இவர் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்.

ஒன்பதாம் காம்பராவில் மூன்று ஆடுகளோடு தனியாக வாழும் தங்கம்மா அக்கா அன்றே பெயர் வைத்துவிட்டார். தோட்டத்தில் வேலையாட்களைக் கண்காணிப்பவர் கணக்கப்பிள்ளை. ஒரு நாள் வேலைக்கு ஒரு ‘பேர்’, அரை நாளைக்கு அரைப் பேர் போடுபவர். மறுநாள் காலை தர்மிளா மழைமானியை நோக்கி நடக்கும்போது தங்கம்மா அக்காவின் குரல் லயம் முழுக்கக் கேட்டது.

“மழைக் கணக்கப்பிள்ள போறாங்க, வழி விடுங்க! ஏங்க, இன்னைக்கி மேகத்துக்கு முழுப் பேரா, அரைப் பேரா?”

“மேகம் ஒழுங்கா வேல செய்யிது அக்கா. ஒங்க ஆடுதான் வேலிய மேயுது.”

அவர் அளக்கும் முறையை நான் பலமுறை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். சரியாகக் காலை எட்டரை மணி. கம்பத்தின் முன் முழங்காலை மடக்கி, தண்ணீரின் மேல்மட்டம் கண்ணுக்கு நேரே வரும்வரை குனிவார். அளவை இருமுறை வாய்விட்டுச் சொல்வார். எழுதிய பிறகு மூன்றாம் முறை பார்ப்பார். ஒருநாள் குழாய்க்குள் ஒரு தும்பி விழுந்து கிடந்தது. தும்பி கிடந்தால் தண்ணீர் எவ்வளவு உயரும் என்ற ஐயத்தில், அதே அளவுள்ள இன்னொரு செத்த தும்பியைத் தேடிப் பிடித்து, வீட்டில் அளவுக் கோப்பையில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அன்றைய கணக்கை எழுதினார். தண்ணீர் உயரவே இல்லை. ஆனாலும் குறிப்பில் ‘தும்பி 1’ என்று பதிந்துவைத்தார்.

கொப்பியோடு வந்த அறிவுறுத்தல் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ்ப் பிரதி பின்னர் அனுப்பப்படும் என்றார்கள், இன்றுவரை வரவில்லை. அதனால் அவர் என்னிடம் வந்தார். நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவன். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவன் அல்ல. தெரணியகலை டவுனில் கபூர் நானாவின் கடையில், அட்டை கிழிந்ததால் எவரும் வாங்காத அகராதி ஒன்றை எடுத்துவந்து, ஒரு நாளைக்கு ஐந்து சொற்கள் என்ற கணக்கில் கற்றுக்கொண்டவன். ஏன் கற்க நேர்ந்தது என்பதைச் சொல்லாவிட்டால் இனி வருவது விளங்காது. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

2017 மே மாதம், பெருமழையில், லயத்தை விட்டுக் கீழேயுள்ள பாடசாலைக்குப் போகும்படி எங்களுக்குச் சொல்லப்பட்டது. நான் பன்னிரண்டாம் காம்பராவில் இருந்தேன். தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. காம்பராவை விட்டுப் போகிறவர் சாவியை ஒப்பீசில் கொடுத்து, சாவிக் கொப்பியில் கையெழுத்து வைப்பார். நாம் இல்லாத நேரத்தில் காம்பரா பத்திரமாக இருக்கட்டும் என்று, நானும் இன்னும் இரண்டு பேரும் ஒழுங்கானவர்களாகப் போய்ச் சாவியைக் கொடுத்தோம். எதிரே ஆங்கிலத்தில் ஒரு சொல் எழுதியிருந்தது. கையெழுத்து வைத்தேன். ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தபோது, என் காம்பராவில் நிர்வாகத்தின் உரமூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. நான் என் விருப்பத்தின்பேரில் காம்பராவைக் காலி செய்து ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னார்கள். அறுபத்துமூன்று கடிதங்கள் எழுதியிருக்கிறேன். பதினொரு பதில்கள் வந்திருக்கின்றன. அனைத்தும் கோப்பில் திகதி வரிசையில் உள்ளன. இப்போது லயத்துக்குக் கீழே, என் தங்கையின் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டிலில் இருக்கிறேன்.

தர்மிளா அறிவுறுத்தல் தாளை அந்தக் கொட்டிலின் மேசையில் விரித்தார்.

“அண்ணே, செவப்புக் கோட்டுக்கு நேரா இந்தச் சொல்லு இருக்கு. இது என்னா சொல்லுது?”

அந்தச் சொல் ‘எவெக்குவேட்’. பார்த்ததும் ஒரு கணம் அது என் சாவிக் கொப்பியில் இருந்த சொல்லோ என்று நினைத்துவிட்டேன். அது வேறு, அது ‘வெக்கேட்’. கோப்பிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்து இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினேன். இரண்டும் வெறுமையைக் குறிக்கும் ஒரே பழைய வேரிலிருந்து வந்தவை. பார்வைக்கும் உடன்பிறந்தவை போலவே இருக்கின்றன. ஆனால் ‘எவெக்குவேட்’ என்பது ஆபத்து வரும்போது மனிதர்களை ஓரிடத்திலிருந்து அப்புறப்படுத்துவது. ஆபத்து நீங்கினால் அவர்கள் திரும்பி வருவதில் எந்தத் தடையும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. ‘வெக்கேட்’ என்பது இடத்தின் மீதுள்ள பிடியை விட்டு, அதை உரியவரிடம் ஒப்படைத்துப் போவது. அதில் திரும்பி வருதல் இல்லை. இவற்றை அகராதியிலிருந்து வாசித்து விளக்கினேன்.

தர்மிளா இரண்டு சொற்களின் மேலும் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: “அப்பன்னா மொதச் சொல்லு ஆளப் பத்துனது. ரெண்டாவது காம்பராவப் பத்துனது.”

இரண்டு வருடம் அகராதியோடு மல்லுக்கட்டியும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வந்ததில்லை.

“ஒப்பீசுல ஒண்ணுக்குப் பதிலா மத்தத எழுதிட்டாங்களோ? கை தவறி?” என்று கேட்டார்.

“கை தவறவில்லை தர்மிளா. மூன்று பேருக்கும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். தெரிந்தே எழுதினார்கள் என்பதுதான் என் முறைப்பாடு.”

“அனே, பாவம்!” என்றார். தாளை மடித்துக்கொண்டு போனார்.

2021 ஜூனில் முதன்முறையாகத் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பகல் பன்னிரண்டு மணி. தர்மிளா மடுவத்திலிருந்து ஓடிவந்து, முதலாம் காம்பராவிலிருந்து கதவுகளைத் தட்டத் தொடங்கினார். ஒரு கதவும் திறக்கவில்லை என்று சொல்வது சரியல்ல. எல்லாக் கதவுகளும் திறந்தன. வாசலில் நின்று எல்லோரும் மழையைப் பார்த்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை.

“போனா கன்னையா கதிதான்” என்று என் பெயரைச் சொன்னார் தங்கம்மா அக்கா. “மண்ணு வந்தா ஒரேயடியாப் போயிருவோம். காம்பராவப் புடுங்கிக்கிட்டா நித்தம் நித்தம் போகணும். நீ போயி மேகத்த அள.”

மற்றப் பன்னிரண்டு வாசல்களிலும் அதே பதில், அதே பெயர். பிற்பகல் மூன்று மணியளவில் மழை தானாகவே விட்டது. ஒன்றும் நடக்கவில்லை. அன்று அவரைக் கேலி செய்யாத ஆள் லயத்தில் இல்லை.

மறுநாள் அவர் என் கொட்டிலுக்கு வந்தார். நான் நாற்பதாவது கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் உட்காரவில்லை.

“அண்ணே, கோவிச்சுக்காம ஒண்ணு கேக்கணும். சாவியக் குடுக்காதீங்க, எறங்கிப் போகாதீங்கன்னு நீங்க எத்தன பேருகிட்ட சொல்லியிருப்பீங்க?”

“எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக்கூடாது என்றுதான்.”

“நல்லதுக்குத்தான் சொன்னீங்க. தெரியும். ஆனா நேத்து அத்தன வாசல்லயும் எனக்கு முன்னால ஒங்க பைல் நின்னுச்சு. அதுதான் அண்ணே இவங்கள இங்க கட்டிப் போட்டிருக்கு. மல எறங்குனா அவங்க மேல மண்ணு விழுகும், ஒங்க மேல என்னா விழுகும்னு யோசிச்சீங்களா?”

எனக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பற்றி என்னிடம் பேசியவர்கள் பலர். அந்த அநீதியை நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை மடித்து வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தாமே அடுப்பை மூட்டி, எனக்குப் பிளேன்டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். சீனி போட மறந்துவிட்டார். நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து வழி தேடினோம். வெளியேறுபவர்களின் காம்பரா பறிக்கப்படாது என்று நிர்வாகத்திடமிருந்து எழுத்தில் வாங்கலாம் என்றேன், நான்கு கடிதங்கள் அனுப்பினேன், பதில் இல்லை. பதில் இல்லாத கடிதங்களையும் நான் கோப்பில் வைப்பதுண்டு. ஒருநாள் தர்மிளா மழைக் கொப்பியைப் புரட்டியபடி கேட்டார்.

“அண்ணே, இந்தக் கடைசிக் கட்டத்துல என்னா போட்டிருக்கு?”

“குறிப்புகள். நீ தும்பியை எழுதினாயே, அந்தக் கட்டம்.”

“இந்தக் கொப்பியில ஒரு பிரதி அரசாங்கக் கச்சேரிக்குப் போகுது, ஒண்ணு கொழும்புக்குப் போகுது. ஒப்பீஸ் சாவிக் கொப்பி தோட்டத்துக்குள்ளயே கெடக்கும். அப்ப, போறவங்க பேரையும் ஏன் போறாங்கன்னும் இதுல எழுதுனா, தோட்டத்தால மாத்த ஏலாதுதானே?”

“அது மழையைப் பற்றிய குறிப்புகளுக்கான இடம்.”

“மழை பேஞ்சதாலதானே போறோம்? அப்ப அது மழையப் பத்துன குறிப்புத்தானே?”

ஆட்சேபிக்க என்னிடம் ஒரு விதியும் இல்லை. அறிவுறுத்தல் தாளை மீண்டும் முழுவதும் வாசித்தேன். தடை எங்கும் இல்லை.

2023 ஒக்டோபரில் அந்த நாள் வந்தது. காலை எட்டரைக்குத் தொண்ணூற்றாறு மில்லிமீட்டர். அதன் பிறகு மழை ஒரு நொடியும் விடவில்லை. பத்து மணிக்கு நூற்றிருபத்தேழு. லயத்தின் பின்னால் மலை ஊற்று வந்து விழும் பீலியில் எந்தக் கோடையிலும் வற்றாத தண்ணீர் தேநீர் நிறமாக மாறி, பிறகு திடீரென்று நின்றுபோனது. பதினொன்று இருபதுக்கு நூற்றைம்பத்திரண்டு.

தர்மிளா கொப்பியைப் பொலித்தீன் பைக்குள் சுற்றிக்கொண்டு முதலில் என்னிடம் வந்தார். “வாங்க அண்ணே. போகாதீங்கன்னு சொன்னவரு நீங்க. போங்கன்னும் நீங்கதான் சொல்லணும்.”

நான் ஒவ்வொரு வாசலாகப் போனேன். அவ்வளவு கடினமான நடையை என் வாழ்நாளில் நடந்ததில்லை. ஒன்பதாம் காம்பராவுக்கு வரும்வரை எல்லா வாசல்களிலும் ஒரே பதில்தான் கிடைத்தது: தங்கம்மா அக்கா இறங்கினால் நாங்களும் இறங்குகிறோம். தங்கம்மா அக்கா வாசலுக்குக் குறுக்கே கால்நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“பீலி நின்னுபோச்சு அக்கா” என்றார் தர்மிளா.

“எலை சிக்கியிருக்கும்.”

“எலை சிக்குனா தண்ணி நிக்கும், நெறம் மாறாது. உள்ளுக்கு மண்ணு நகருது. வாங்க.”

“ஏய் கன்னையா, நீதானே சொன்ன, சாவியக் குடுத்தா சாமி வந்தாலும் திருப்பி வாங்க முடியாதுன்னு?”

“சொன்னேன் அக்கா. சாவியக் குடுக்காதீங்க. பூட்டிட்டு, ஒங்க கழுத்துக் கயித்துலயே கோத்துக்குங்க. ஆனா எறங்குங்க. நான் எல்லாத்தையும் சேத்துச் சொல்லியிருக்கணும். பாதியத்தான் சொன்னேன்.”

“அப்ப ஒப்பீசுல கேப்பான்ல?”

தர்மிளா பொலித்தீனைப் பிரித்து, கூரையின் தாழ்வாரத்தில் கொப்பியைத் திறந்தார். இலச்சினையைக் காட்டினார். நான் எழுதினேன், எழுதியதை உரத்து வாசித்தேன்: “காம்பரா 9, தங்கம்மா. மழை 152 மில்லிமீட்டர். ஆபத்துக் காரணமாகத் தற்காலிகமாக வெளியேறுகிறார். காம்பராவை ஒப்படைக்கவில்லை. சாவி அவரிடமே உள்ளது.” கீழே அதையே ஆங்கிலத்தில், முதற் சொல்லை மட்டும் பயன்படுத்தி எழுதினேன்.

“ஆட்ட எழுதலியே?” என்றார் தங்கம்மா அக்கா.

“ஆடு எதுக்கு அக்கா?”

“நான் வர்றது நெசம்னா ஆடும் வர்றது நெசம். எழுது.”

‘ஆடுகள் 3’ என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்து, பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டு, லயம் முழுவதற்கும் கேட்கும்படி, “என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? கணக்கப்பிள்ள பேர் போடுறாங்க, வந்து நில்லுங்க!” என்று கத்தினார். அதன் பிறகு என் பேனா நிற்கவில்லை. பன்னிரண்டே காலுக்குப் பதின்மூன்று பூட்டுகளும் விழுந்தன. தர்மிளா கடைசியாகத் தம்முடைய காம்பராவைப் பூட்டிக்கொண்டு வந்தார். அவருடைய வரியையும் நானே எழுதினேன்.

பாடசாலையில் ஈரத் துணிகளைப் பிழிந்து முடிப்பதற்குள் கபூர் நானா தமது சிறிய லொறியில் பாணும் பருப்பும் கொண்டுவந்துவிட்டார். கொப்பியை வாங்கி வாசித்தவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “இந்தப் பக்கத்துல ஆளுக்கொரு போட்டோக்கொப்பி எடுத்து லெமினேட் பண்ணித் தாரன். சல்லி வேணாம். மழ விட்டாப் பொறகு தங்கம்மா புள்ளக்கிட்ட சொல்லி ஆட்டுப்பால் கொஞ்சம் அனுப்புங்க. மூணு ஆடு ஈக்கிதானே.”

“மூணும் கெடா நானா!” என்றார் தங்கம்மா அக்கா. அன்று முதன்முறையாக எல்லோரும் சிரித்தார்கள்.

பிற்பகல் இரண்டு மணியளவில் ஒப்பீசிலிருந்து இளம் கிளார்க் நிரோஷன் குடையோடு வந்தார். கக்கத்தில் சாவிக் கொப்பி. நல்ல பிள்ளை, யாரையும் மரியாதை குறைவாகப் பேசியதில்லை.

“தர்மிளா அக்கா, காம்பராச் சாவிகளச் சேத்து எடுத்துட்டு வரச் சொன்னாங்க. பாதுகாப்புக்குத்தான்.”

“எங்க காம்பராவுல கள்ளன் எடுக்க என்னா தம்பி இருக்கு? சரி, சாவி குடுத்தா அந்தக் கொப்பியில என்னா எழுதுவீங்க? வாசிங்க.”

நிரோஷன் வாசித்தார். அதே சொல்.

“அது எப்பவும் எழுதுற சொல்லு அக்கா.”

“வேலைய விட்டுட்டு ஊரோட போறவங்களுக்கு எழுதுற சொல்லு தம்பி. அவங்களுக்கு அது சரி. நாங்க மழை விட்டதும் வீட்டுக்குப் போவோம். எங்க சொல்லு வேற.” மழைக் கொப்பியைத் திறந்து அவரிடம் நீட்டினார். “இது நாளைக்கிக் கச்சேரிக்குப் போகுது. ஒப்பீசுல சொல்லுங்க.”

அவர் பக்கம் முழுவதையும் பொறுமையாக வாசித்தார். ஆடுகளின் இடத்தில் சற்று நின்றார். பிறகு வராந்தாவின் ஓரத்துக்குப் போய்த் தொலைபேசியில் பேசினார். என்ன பேசினார் என்பது மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. திரும்பி வந்து சாவிக் கொப்பியைப் பைக்குள் வைத்து மூடினார்.

“சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டுமாம்.” போவதற்குக் குடையை விரித்தவர் தயங்கி நின்றார். “அக்கா, எங்க அம்மா மேல்பிரிவு லயத்துல இருக்காங்க. அங்கயும் பின்னால சரிவுதான். அங்க யாராச்சும் மழை அளக்குறாங்களா?”

தர்மிளா கேள்வியைத் தமக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். “இல்ல தம்பி. ஞாயித்துக்கெழம வர்றேன். அம்மாவுக்கு நம்பர் வாசிக்கத் தெரியும்தானே?”

ஐந்து நாள் பாடசாலையில் இருந்தோம். ஆறாம் நாள் அதிகாரிகள் லயத்தைப் பார்வையிட்டுத் திரும்ப அனுமதித்தார்கள். பின்புறத்துத் தண்ணீர்க் கானும் இரண்டு கழிப்பறைகளும் பீலியும் மண்ணில் புதைந்திருந்தன. மண் கடைசிச் சுவருக்குப் பத்தடி தூரத்தில் நின்றிருந்தது. அந்தப் பத்தடியை நான் நாடாவால் அளந்து, திகதியிட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். மலையடிவாரத்தை விட்டு வேறிடத்தில் வீடு கேட்டு, தர்மிளாவின் கையெழுத்தோடு ஒரு புதிய கோப்பையும் தொடங்கியிருக்கிறோம்.

காம்பராக்கள் எதிலும் உரமூட்டை இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் பூட்டைத் தாமே திறந்தார்கள். தங்கம்மா அக்கா கதவைத் தள்ளி, உள்ளே தலையை நீட்டி, மூச்சை இழுத்தார். “நாத்தம் அப்பிடியே இருக்கு. என் வீடுதான்” என்றார்.

என் பன்னிரண்டாம் காம்பரா இன்னும் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கடிதங்கள் தொடர்கின்றன. ஆனால் அந்தக் கதையை இப்போது நான் எவரிடமும் பாதியில் நிறுத்துவதில்லை. கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி தொலைபேசியில் அழைத்து, குறிப்புக் கட்டத்தில் ஆடுகள் எப்படி வந்தன என்று கேட்டபோதும், தொடக்கத்திலிருந்து முடிவுவரை அரைமணி நேரம் விளக்கினேன். அவர் இடைமறிக்கவில்லை.

இனி எழுத இருப்பது ஒன்றுதான். 2024 ஜூன் மாதம், காலை பத்து மணி கடந்த நேரம். தர்மிளா அன்று மடுவத்திலேயே நின்று அரைமணிக்கு ஒருமுறை அளந்துகொண்டிருந்தார். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு இன்னும் ஆறு மில்லிமீட்டர் கீழே இருக்கும்போதே, இம்முறை கதவுகளைத் தட்ட எவ்வளவு நேரம் பிடிக்குமோ என்ற பயத்தில், லயத்தை நோக்கி ஓடியிருக்கிறார். வழியெல்லாம் ஒவ்வொரு வாசலிலும் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓடினாராம்.

லயத்தில் சத்தமே இல்லை. முதலாம் காம்பராவில் பூட்டு. இரண்டாம் காம்பராவில் பூட்டு. தம்முடைய வாசலைக் கடந்து ஓடி, நம்பிக்கை வராமல் தங்கம்மா அக்காவின் கதவை மூன்று முறை தட்டியிருக்கிறார். ஆட்டுத் தொழுவமும் வெறுமையாக இருந்தது. அப்போது அவருடைய தொலைபேசி அடித்தது.

“ஏண்டி, எங்க நிக்கிற?” என்றார் தங்கம்மா அக்கா. பின்னால் பாடசாலைக் கூரையில் மழை விழும் சத்தம். “எல்லாரும் வந்து சேந்தாச்சு. நீ மட்டுந்தான் பாக்கி.”

“இன்னும் ஆறு மில்லிமீட்டர் இருக்கு அக்கா.”

“அத மேகத்துக்கிட்ட சொல்லு. நீ பூட்டிட்டு எறங்கு.”

தர்மிளா உடனே இறங்கவில்லை. குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஆளில்லாத அந்த நீண்ட லயத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, பூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி மெதுவாக நடந்திருக்கிறார். அதை என்னிடம் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“அஞ்சு வருசத்துல மொதத் தடவ அண்ணே, எனக்கு அங்க ஒரு வேலயும் இருக்கல.”